அடுத்த அமாவாசைக்கு எடுத்துக்கலாம்

அப்பாண்டை சார் இறந்த செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைச் செயலாளரிடம் அவருக்காக மன்றாடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காமல் கோயில் வாசலுக்கு வந்து நின்று, "எல்லாம் உங்களால்தான் சார். உங்கள் புறாக்களை நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று போனில் அடித்து அனுப்பினேன். அனுப்பிய கையோடு அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பதில் எழுதச் சோம்பல்பட்டுக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்ததும் "சிரிக்காதீங்க சார்" என்றேன். அந்தப் பக்கம் அவர் மனைவி பத்மா அக்காவின் குரல். "எஸ்தரு, அவரு போயிட்டாருமா. காபி குடிச்சிக்கினே இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு." நான் அனுப்பியதை அவர் படித்திருக்க வழியில்லை. பத்மா அக்கா படித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அவரிடம் படித்தவர்களும், அவரோடு பழைய தேவாலயங்களைத் தேடி அலைந்தவர்களும் துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உங்க கோயில் சத்தத்த எடுத்து முடிச்சிட்டாரா மேடம்?" ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லும் நிலையில் அன்று நான் இல்லை. ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லை. முடிக்கவில்லை. தொடங்கவே இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓர் இறந்த மனிதரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கும்வரை காத்திருந்தால் எழுதவே முடியாது என்பதால் இப்படியே எழுதுகிறேன்.

அப்பாண்டைராஜன் எங்கள் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். நான் அங்கே கணிதம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். அவர் முசரவாக்கத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், நெல் பயிரிடும் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். கிழங்கு தொட மாட்டார், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். ஒரு சமணருக்குக் கிறிஸ்தவக் கோயில்களில் என்ன வேலை என்று அவரைக் கேட்காத ஆளில்லை. நானும் கேட்டேன். "நம்ம ஊரு பெரிய கோயிலுக்குப் போயி மணியை நிறுத்துங்க, கூட்டத்த நிறுத்துங்கன்னு சொன்னா, என்னைத்தான் வெளிய நிறுத்துவாங்க. சர்ச்சு வாரத்துல ஆறு நாள் சும்மா இருக்குது மேடம். அவ்ளோ பெரிய கட்டடம், அவ்ளோ நல்ல சத்தம், கேக்க ஒரு ஆளு இல்ல" என்றார். அதைக் கேட்டதிலிருந்து ஆறு நாளும் பூட்டிக் கிடக்கும் எங்கள் கோயிலைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அவர் செய்தது இதுதான். பழைய தேவாலயம் ஒன்றுக்குப் போவார். நடுவில் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்துவார். பீடத்தின் அருகே நின்று ஒரு பலூனை ஊதி வெடிப்பார். அவ்வளவுதான். பலூன் எங்கே வெடித்தாலும் சத்தம் ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்டு கட்டடம் எதைத் திருப்பித் தருகிறது என்பதுதான் இடத்துக்கு இடம் வேறு. தேக்கு உத்திரம் ஒரு மாதிரி தரும், சுண்ணாம்புச் சுவர் ஒரு மாதிரி தரும், வளைவு ஒரு மாதிரி தரும். ஆற்காட்டுப் பக்கம் ஒரு கோயிலில் நாங்கள் வண்ண வண்ணப் பலூன்களோடு போய் இறங்கியதைப் பார்த்துக் காவல்காரர், "யாருக்கு சார் பொறந்த நாளு?" என்று கேட்டார். "உங்க கோயிலுக்குத்தாம்பா" என்றார் இவர், முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல். அந்த மனிதர் நம்பிவிட்டார். நாங்கள் கிளம்பும்போது கேக் எங்கே என்று கேட்டார்.

அப்படிப் போய்வரும் வழியில் எல்லாம் அவருக்கு ஒரே அவசரம் சூரியன்தான். செங்கல்பட்டுப் பக்கமிருந்து திரும்பும்போது தென்னேரி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பத்மா அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வெளிச்சம் இருக்கும்போதே அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வார். "உங்க கடவுள் உங்களுக்கு ராத்திரி டிபனை மன்னிச்சிட்டாரு, என் ஆளு மன்னிக்கல" என்பார். சாப்பிட்டு முடித்ததும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அன்றைக்கு எடுத்ததைக் கேட்பார். ஏரித் தண்ணீரைப் பார்த்தபடி அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் காட்டுவார். எத்தனையோ முறை நான் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும்.

இந்தச் சத்தங்களை எடுத்து என்ன செய்வார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் தம் வீட்டு அறை ஒன்றில் பழைய மெத்தைகளையும் கம்பளிகளையும் சுவரெல்லாம் தொங்கவிட்டு, அதற்குள் என்னை நிறுத்திப் பாடச் சொன்னார். நான்கு வரி பாடினேன். மெத்தைக்குள் பாடிய பாட்டு வாயை விட்டு வெளியே வந்ததும் செத்து விழுந்தது. பிறகு அவர் கணினியில் என்னவோ செய்துவிட்டு என் காதில் கருவியை மாட்டினார். அதே நான்கு வரி. ஆனால் நான் ஒரு பெரிய கோயிலுக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்குப் பின்னால் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. கடற்கரை ஓரத்தில் அவர் பதிவு செய்த கோயில் அது; அங்கே வெடித்த பலூனின் எதிரொலியை என் பாட்டோடு சேர்த்திருந்தார். அவர் எடுத்த பிறகு வந்த மழையில் அதன் கூரை விழுந்து, இப்போது சுவர்கள் மட்டும் நிற்கின்றன. "இடிஞ்ச கோயில்லயும் பாடலாம் மேடம். இடியறதுக்கு முன்னால ஒருத்தன் போயி ஒரு பலூன் வெடிச்சிருந்தா போதும்" என்றார். நான் அழுதேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு பத்மா அக்காவைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் கோயிலை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்கு அது பத்து நிமிட நடை. அதுதான் வினையாகப் போயிற்று. "இது எங்க ஓடிடப் போவுது? தூரத்துல இருக்கிறது முதல்ல" என்பார். கேட்டவுடன் நியாயமாகத்தான் இருக்கும். இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் கோயில் நெசவாளர் தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. விடிந்தால் சுற்றிலும் தறிச் சத்தம், இருட்டினால் நாய்களும் பூச்சிகளும். அதோடு சேர்த்துப் பதிவு செய்தால் கோயிலின் சத்தத்தைத் தனியே பிரிக்க முடியாது. இந்த ஊரில் தறி முழுவதுமாக நிற்பது அமாவாசை அன்றைக்குத்தான். அன்று நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். ஆகவே அமாவாசையில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு சமணர், நெசவாளர்களின் அமாவாசையைப் பார்த்து, கிறிஸ்தவக் கோயிலுக்கு நாள் குறிக்கிறார் என்று நான் கல்லூரியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தபோதுதான். ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவின் தோள்பட்டை முறிந்தது. உத்திரங்கள் உளுத்துப் போயிருக்கின்றன, கோயிலை இறக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் வழி என்று பொறியாளர் சொன்னார். சபைக் கமிட்டி கூடி ஒத்துக்கொண்டது. செயலாளர் ஞானமணி அண்ணனை நான் இங்கே குறை சொல்லவில்லை. அவருக்குத் திருமணம் நடந்தது அந்தக் கோயிலில்தான். கூட்டத்தில் அதை அவரே சொன்னார். "எஸ்தர், உனக்குக் கோயிலு சத்தம். எனக்கு அந்த அம்மாவோட தோளு" என்றார். கூரையை இறக்கக் குறித்த நாளுக்கு முன்பு ஓர் அமாவாசை இருந்தது, அடுத்த அமாவாசை அந்த நாளுக்குப் பிறகுதான். முதல் அமாவாசையிலேயே எடுத்துவிடலாம் என்று அப்பாண்டை சார் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது.

அந்த அமாவாசைக் காலை வந்தது. தறிகள் நின்றிருந்தன. தெருவில் நடப்பவர்களின் செருப்புச் சத்தம் உள்ளே கேட்டது. ஞானமணி அண்ணனே வந்து மின்விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணி அடைத்துக் கொடுத்தார். அப்பாண்டை சார் கருவியை நிறுத்திவிட்டுக் கன்னம் வலிக்கப் பலூன்களை ஊதிக் கட்டினார். எல்லாம் தயார். அப்போது மேலே என்னவோ படபடத்தது. நிமிர்ந்து பார்த்தார். பீடத்துக்கு மேலே இருக்கும் வளைவின் விளிம்பில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

"எங்க கோயில்லயே பொறந்து வளந்தது சார். ஞானஸ்நானம் மட்டுந்தான் எடுக்கல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏணி கேட்டார். ஏறிப் பார்த்துவிட்டு ஏணியில் நின்றபடியே, "ரெண்டு குஞ்சு இருக்குது. கண்ணு கூட சரியா தொறக்கல" என்றார்.

"அதுக்கு?" என்றேன்.

"கூடு விளிம்புல இருக்குது மேடம். இங்க வெடிச்சா தாய் அடிச்சிக்கினு பறக்கும். கூடே சரிஞ்சிடும்."

"ஞாயித்துக்கெழம நாங்க அத்தன பேரு பாடுறோம். அதுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"நீங்க கொஞ்சம் கொஞ்சமா கத்துறீங்க. பலூனு அப்படி இல்ல."

கை தட்டி எடுங்கள் என்றேன். அது போதாது என்றார். ஒலிபெருக்கி வைத்து எடுங்கள் என்றேன். அதுவும் இடி மாதிரிக் கத்த வேண்டும் என்றார். கூட்டை மெதுவாக எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்றேன். மனிதக் கை பட்டால் தாய் வருமோ வராதோ என்றார். ஞானமணி அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "சார், இன்னும் கொஞ்ச நாள்ல கூரையே எறங்கப் போவுது. அப்ப அந்தக் கூடு எங்க போவும்?" என்றார்.

"அதுக்குள்ள பறந்துடும்ணே. அதுக்கு வேண்டியது ஒரு மாசந்தான். அடுத்த அமாவாசைக்கு எடுத்துக்கலாம். அதுக்கப்புறம் கூரையில கை வைங்க. எனக்காக."

ஞானமணி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். கமிட்டியிடம் பேசி நாளைத் தள்ளியும் வைத்தார். நான்தான் அடங்கவில்லை. "உங்க தர்மத்துக்குப் புறா பெருசு. எங்களுக்கு எங்க கோயிலு பெருசில்லையா சார்?" என்று கத்தினேன். அந்தக் கத்தல் மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்ததை நான் அப்போதே கவனித்தேன். அவர் பலூன்களை ஒவ்வொன்றாக எடுத்து, முடிச்சை அவிழ்த்து, காற்றை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் கீ என்று அழுது சுருங்கியது. "கோயிலு காத்திருக்கும் மேடம். றெக்கை மொளைக்காதது காத்திருக்காது" என்றார்.

கோயில் காத்திருக்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கல்லூரி விட்டு வரும் வழியில் கோயிலுக்குள் போய்ப் புறாக் குஞ்சுகளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். எல்லாம் எரிச்சலோடுதான். "உங்கள் மகாராணிகள் இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை" என்று எழுதுவேன். "மஞ்சள் மயிர் உதிர்கிறதா பாருங்கள்" என்று பதில் வரும். "இன்று இறக்கையை அடித்தது" என்று எழுதினால் கைகூப்பும் படம் ஒன்று வரும். இதற்கு நடுவே மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. ஈரம் ஏறினால் கூரை தானாகவே உட்கார்ந்துவிடும், யார் தலையிலாவது விழும், அமாவாசை வரை வைத்திருக்க முடியாது என்று பொறியாளர் கமிட்டியிடம் சொல்லிவிட்டார். அதைத் தடுக்கத்தான் அன்று நான் ஞானமணி அண்ணனிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் அந்தச் செய்தியை அடித்தேன். அதன் பிறகுதான் பத்மா அக்கா கூப்பிட்டார்.

அவரை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் நிலத்துப் பக்கம் தகனம் செய்தார்கள். திரும்பும்போது பத்மா அக்கா அவருடைய கருவிப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இத என்ன பண்றதுன்னு உனக்குத்தான் தெரியும். ராத்திரி படுக்கப் போறப்ப கூட, குஞ்சு பறந்துடுச்சான்னு எஸ்தர கேக்கணும்னு சொல்லிக்கினு இருந்தாரும்மா" என்றார். பைக்குள் பிரிக்காத பலூன் பாக்கெட் ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்த பிறகு எனக்கு வேறு வழி இல்லை.

ஞானமணி அண்ணனிடம் மறுபடி போய் நின்றேன். "அவரே போயிட்டாரு. இன்னும் யாருக்காக நிறுத்தச் சொல்ற?" என்றார். "எனக்காகண்ணே" என்றேன். "அவரு புறாவுக்குக் காத்துக்கினு இருந்தாரு. நான் மழையைக் காத்திருன்னு சொல்ல முடியுமா?" என்றார். முடியாதுதான். அமாவாசை வரை வேண்டாம், ஒரே ஒரு காலை கொடுங்கள், தறிகளை நான் நிறுத்துகிறேன் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். இருந்தாலும் ஒரு நாள் சொன்னார். அப்பாண்டை சாரின் காரியத்துக்கு மறுநாள் காலை. அதற்குப் பிறகு ஆட்கள் கூரையில் ஏறுவார்கள் என்றார்.

நெசவாளர் தெருக்களில் வீடு வீடாக ஏறினேன். தறியை நிறுத்துவது சின்ன விஷயமில்லை. கூலி போகும், எடுத்த வேலை தள்ளிப்போகும். கோயிலுக்கு எதிர்வீட்டுக் குமரேசன் தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே நான் சொன்னதைக் கேட்டார். "பலூன் சாருக்கா? அவரு அமாவாசைக்கு அமாவாசை இந்தத் தெருவுல காது வெச்சிக்கினு நடப்பாரே. நிறுத்துறோம்மா. நீ போயி எடு. மத்த வீட்டுக்கு நான் சொல்றேன்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து நிறைய நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். முதல் தடவையாக அப்பாண்டை சார்மேல் கோபம் இல்லாமல் இருந்தது.

காரியத்துக்கு அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். இங்கே மதியத்துக்குமேல் மழை வெறித்தது. கூரை இறக்க வந்த மேஸ்திரி, மழை விட்ட நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஆட்களை அன்றைக்கே ஏற்றிவிட்டார். ஞானமணி அண்ணன் ஊரில் இல்லை. அவரும் என்னோடு காரியத்துக்குத்தான் வந்திருந்தார். யார்மேல் பழி போடுவது என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கையில் அகப்படுகிற ஆள் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை கருவிப் பையோடு கோயிலுக்குள் நுழைந்தபோது உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் அது எனக்கு அழகாகக்கூடத் தெரிந்தது, பிறகுதான் புரிந்தது. பெஞ்சுகளின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தன. உத்திரங்களைக் கயிறு கட்டி இறக்கிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். வளைவு மட்டும் நின்றது. அதன் விளிம்பில் கூடு காலியாக இருந்தது. அங்கே இருந்த மேஸ்திரியிடம் ஓடி, குஞ்சுகள் எங்கே என்று கேட்டேன். "அதுவா? நாங்க ஏணி சாத்துறதுக்கு முன்னாலயே ரெண்டும் எந்திரிச்சிப் பறந்துடுச்சிமா. நல்லாத்தான் பறந்துச்சி" என்றார். அப்பாண்டை சார் சொன்னது சரிதான். அந்தக் குஞ்சுகளுக்கு வேண்டியது ஒரு மாதம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குஞ்சுகள் செத்திருந்தால் அப்பாண்டை சாரைத் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவை பிழைத்துவிட்டன. அவர் செய்தது தப்பு என்று சொல்ல என் வாயில் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் கோயில் போய்விட்டது.

நான் அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது தறிகள் நிற்கத் தொடங்கின. சொன்ன நேரம் வந்துவிட்டது. முதலில் எதிர்வீடு, பிறகு அடுத்த வீடு, பிறகு பின்தெரு. ஒவ்வொன்றாக நின்று, அமாவாசை இல்லாத ஒரு நாளில், எனக்காகத் தெரு முழுவதும் அமைதியானது. அத்தனை பேர் வேலையை விட்டுக் கொடுத்த அமைதி. அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. கருவியை நடுவில் நிறுத்தினேன். ஒரு பலூனை ஊதினேன். பீடத்துக்கு அருகே போய் வெடித்தேன். டப் என்றது. அவ்வளவுதான். ஒன்றும் திரும்பி வரவில்லை. சத்தம் நேராக மேலே போய்விட்டது. இன்னொன்று வெடித்தேன். அதுவும் போய்விட்டது. பாக்கெட் தீரும்வரை வெடித்தேன். வெளியே வந்தபோது குமரேசன் வாசலில் நின்று, "எடுத்துட்டியாம்மா? தறியப் போடலாமா?" என்று கேட்டார். "போடுங்கண்ணே" என்றேன்.

எங்கள் பாட்டுகள் போனில் இல்லையா, திருமண வீடியோக்களில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எல்லாவற்றையும் வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மைக்கும் மின்விசிறியும் குழந்தைகளின் அழுகையும்தான் இருக்கின்றன. கோயில் இல்லை.

இப்போது எங்கள் ஆராதனை கோயில் வளாகத்திலேயே போட்ட தகரக் கொட்டகையில் நடக்கிறது. அங்கே கூடிய முதல் ஞாயிறன்று வழக்கம்போல நான் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தேன். சபையார் முதல் அடியைப் பாடினார்கள். அடி முடிந்ததும் எல்லோரும் நின்றார்கள். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒரே நேரத்தில் அடுத்த அடியைத் தொடங்கினார்கள். அதன் முடிவிலும் அதே அளவு நின்றார்கள்.

வெளியூர்ச் சபைகளுக்குப் போனால் எங்கள் ஆட்களை இழுத்துப் பாடுகிறார்கள் என்று கேலி செய்வார்கள். நாங்களும் அது எங்கள் சோம்பல் என்றே நினைத்திருந்தோம். அந்த ஞாயிறன்றுதான் எனக்கு விளங்கியது. பாடிய அடியைக் கோயில் திரும்பப் பாடி முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்திருக்கிறோம். இல்லாவிட்டால் ஒரு அடி இன்னொன்றின்மேல் விழும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கூரையின் கீழ் நின்று பாடிய எல்லோருக்கும் தானாக வந்திருக்கிறது. கூரை போய்விட்டது. எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் இன்னும் தெரிந்திருக்கிறது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆர்மோனியத்தின்மேல் தலை வைத்து அழுதுவிட்டேன். இதை அப்பாண்டை சாரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கைப்பையில் போனைத் தேடிய பிறகுதான் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு அவருடைய கருவியை ஆர்மோனியத்தின் அருகே வைத்துப் பதிவு செய்தேன். அதற்குள்ளேயே நிற்கும் நேரம் கொஞ்சம் குறைந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. எக்கோ இல்லாத இடத்தில் எதற்கு நிற்கிறோம் என்று வாலிபர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஞானமணி அண்ணனும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நிக்காம போனா ஆராதனை சீக்கிரம் முடியும்மா. தகரம் சுடுது, பெரியவங்களால உக்கார முடியல." புதுக் கோயில் கட்டி முடிவதற்குள் இந்த வழக்கம் போய்விடும். அதைத் தடுக்க என்னால் முடியாது. முதல் ஞாயிறன்று முழுதாக இருந்ததை நான் பதிவு செய்யவும் இல்லை.

அப்பாண்டை சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், அவருடைய கருவியைச் சொல்ல மாட்டேன். அதை அவருடைய மாணவர்களுக்கே கொடுத்துவிடப் போகிறேன். காத்திருப்பது எனக்கு வராத வேலை என்று அவருக்குத் தெரியும். இப்போது வாரத்துக்கு ஒரு முறை அதைச் செய்கிறேன். அடி முடிந்ததும் சபையார் அடுத்த அடிக்குப் போய்விடுகிறார்கள். நான் ஆர்மோனியத்தில் கை வைப்பதில்லை. கோயில் பாடி முடிக்கட்டும் என்று, அதற்கு எத்தனை நேரம் ஆகுமோ அத்தனை நேரம், உட்கார்ந்திருக்கிறேன். பாட்டு என்னை விட்டுவிட்டு முன்னால் போகிறது. திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.